உடைந்த ஷாப்டும் பேத்தியின் மடிக்கணினியும்

கூடலூரிலிருந்து நடுவட்டம் ஏறும் சாலையில் ஒரு லாரி குறுக்கே நின்று, அதன் பின்னால் கேரளா வண்டியும் கர்நாடகா வண்டியும் வரிசை கட்டிவிட்டால், நம் ஊர்க்காரர்கள் இறங்கிப் போய்ப் பார்க்கக்கூட மாட்டார்கள். "ஆக்சில் கட்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். முழுச் சுமையோடு, முதல் கியரில், ஏற்றத்தில் வண்டி திணறும்போது இன்ஜினிலிருந்து வரும் முறுக்கு முழுவதையும் பின் அச்சுத்தான் வாங்குகிறது. தாங்க முடியாத ஒரு நாள் முறுக்கிக்கொண்டு உடைகிறது. மாட்டு வண்டி அச்சும் உடையும். ஆனால் அது பாரத்தில் வளைந்து உடைவது. அங்கே சக்கரம்தான் சுற்றும், அச்சு சும்மா கிடக்கும். லாரியில் அச்சே சுற்றுகிறது. இரண்டும் வேறு வேறு நோய்.

இந்த முறுக்கைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன். கொஞ்சம் கணக்கு வரும். கணக்கு பிடிக்காதவர்கள் நடுவில் இரண்டு மூன்று பத்திகளைத் தாண்டிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் கடைசி வரை வாருங்கள். ஒரு மனிதரின் கையைப் பற்றிய விஷயம் பின்னால் இருக்கிறது.

என் பேத்தி கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்தாள். 2020இல் கல்லூரியில் சேர்ந்தவள். சேர்ந்த வருடமே கொரோனா. முதல் வருடம் முழுக்க ஸ்ரீமதுரையில் என் வீட்டுத் திண்ணையில்தான் படிப்பு. இங்கே சிக்னல் கிடைப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை பிடித்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் டவர் போகும். மேட்டில் ஏறிப் போய்ப் பேசலாமென்றால் மாலை ஐந்து மணிக்கு மேல் யானை பயம். இயற்பியல் ஆய்வகத்தைக்கூட அவள் திரையில்தான் பார்த்தாள். எட்டிமடை அமிர்தா பல்கலைக்கழகத்தார் நடத்தும் இணைய ஆய்வகத்தில் முறுக்கு ஊசல் சோதனை ஒன்று உண்டு. கம்பியில் ஒரு வட்டத் தட்டைத் தொங்கவிட்டு, முறுக்கிவிட்டு, அது முன்னும் பின்னும் ஆடும் நேரத்தை எண்ண வேண்டும். நிஜக் கம்பியைத் தொடாமலே கம்பியின் விறைப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு அப்போது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் 'ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பேப்பரில் அரியர் விழுந்தது. மறுபடி எழுதினாள், மறுபடியும் போயிற்று. அதில் முறுக்குப் பாடம்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. 2022 ஆடி மழையில் ஊருக்கு வந்தபோது முகமே சரியில்லை. "சூத்திரம் மனப்பாடம் தாத்தா, ஆனா எதுக்குன்னு தெரியல" என்றாள்.

நான் டிப்ளமோ முடித்தது 1972இல். கிளார்க்ஸ் டேபிளும் ஸ்லைடு ரூலும் வைத்துக் கணக்குப் போட்ட கடைசித் தலைமுறை. பிறகு தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பில் முப்பத்தாறு வருடம். அந்தத் தொழிற்சாலையின் பெயர் இங்கே வேண்டாம். நான் ஏதோ சொல்லித்தரப் போகிறேன் என்று நினைத்து உட்கார்ந்தேன். அவளோ மடிக்கணினியைத் திறந்து ஒரு மென்பொருளைக் காட்டினாள். எம்.டி.சாலிட்ஸ் என்று பெயர். சீனியர்கள் யாரோ கொடுத்தது. இணையம் இல்லாமலே ஓடும் என்பதால் ஸ்ரீமதுரைக்கு ஏற்றது!

திமோத்தி ஃபில்பாட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தன் மாணவர்களுக்காக எழுதிய நிரல் அது. 1998இல் பொறியியல் பாட மென்பொருளுக்கான பரிசு ஒன்றும் வாங்கியிருக்கிறது. பெரிய கம்பெனிகள் விமானத்தையும் காரையும் வடிவமைக்க வைத்திருக்கும் லட்ச ரூபாய் மென்பொருள் போன்றது இல்லை. உத்தரம், தூண், முறுக்கப்படும் தண்டு என்று பாடப் புத்தகத்தில் உள்ள கணக்குகளை மட்டும் போடும். முறுக்குப் பகுதியில் வட்டமான தண்டு ஒன்று இருக்கும். விட்டம், நீளம், உலோகத்தின் விறைப்பு எண், எவ்வளவு முறுக்கு என்று கொடுத்தால் தண்டின் மேற்பரப்பில் எவ்வளவு தகைவு, எத்தனை டிகிரி திருகிக்கொள்ளும் என்று சொல்லிவிடும்.

எங்கள் காலத்தில் இப்படி ஒரு கணக்குப் போட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். அதனால் ஒரு கணக்கை ஒரு தடவைதான் போடுவோம். இவள் விட்டத்தை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தாள். 40 மி.மீ. தண்டை 80 ஆக்கினாள். தகைவு எட்டில் ஒன்றாகக் குறைந்தது. திருகல் பதினாறில் ஒன்றாயிற்று. "என்ன தாத்தா, ரெண்டு மடங்குதானே ஆக்கினேன்" என்றாள். மனப்பாடம் பண்ணின சூத்திரத்தில் இது இருக்கத்தான் செய்கிறது. விட்டத்தின் மூன்றாம் அடுக்கு ஒன்றில், நான்காம் அடுக்கு மற்றொன்றில். கண்ணெதிரே எண் சரிந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. கூலம் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நான்காம் அடுக்கை 1784இலேயே மெல்லிய கம்பிகளை முறுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தார். இவள் முதல் வருடம் திரையில் ஆடவிட்ட அதே மாதிரி ஊசலை வைத்துத்தான். அதைச் சொன்னதும் அந்தப் பழைய ரெக்கார்டு நோட்டைத் தேடி எடுத்துவந்துவிட்டாள்.

அடுத்து குழாய். தண்டின் நடுவில் பாதி விட்டத்துக்கு ஓட்டை போடச் சொன்னேன். இரும்பில் கால் பங்கு போய்விடும். வலு எவ்வளவு குறையும் என்று கேட்டேன். கால் பங்கு என்றாள். தட்டிப் பார்த்தால் பதினாறில் ஒரு பங்குதான் குறைந்திருந்தது. காலண்டர் தாளின் பின்புறம் ஒரு வட்டம் வரைந்து காட்டினேன். முறுக்கும்போது மையத்தில் இருக்கிற இரும்பு அநேகமாகச் சும்மா இருக்கிறது, ஓரத்துக்குப் போகப் போக பாரம் ஏறுகிறது, தோலில்தான் உச்சம். பெரிய குடும்பத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மாதிரி மையம் என்றேன், சிரித்தாள். லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால் கியர் பாக்ஸிலிருந்து பின்பக்கம் போகும் நீளத் தண்டு குழாயாக இருப்பது இதனால்தான்.

கரண்ட் போயிற்று. பேட்டரி இருந்தது, ஆனாலும் மூடிவைக்கச் சொல்லிவிட்டு அவள் தம்பியின் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் வாங்கினேன். இரண்டு முனையையும் பிடித்து, வளைக்காமல் துணி பிழிவது போல முறுக்கச் சொன்னேன். 'டக்' என்று உடைந்தது. உடைந்த வாய் நேராக இல்லை, திருகாணி மாதிரி சாய்ந்து சுற்றிக்கொண்டு போயிருந்தது. சாக்பீஸும் வார்ப்பிரும்பும் இழுவிசை தாங்காத சாதி. முறுக்கினால் 45 டிகிரியில் சுருளாக உடையும். மென்மையான எஃகை அதேபோல் முறுக்கினால் பல சுற்றுகள் திருகிக்கொண்டு, கடைசியில் கத்தியால் வெட்டியது போல நேராக அறுந்துவிடும். உடைந்த வாயைப் பார்த்தே என்ன நடந்தது என்று பாதி சொல்லிவிடலாம். எங்கள் ஹெட் ஃபிட்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. அவர் ஐந்தாம் வகுப்பு.

அவள் அப்போதுதான் ஜன்னலோரம் பார்த்தாள். என் மேஜையில், காற்றில் தாள் பறக்காமலிருக்க வைத்திருக்கும் இரும்புத் துண்டு. பத்து சென்டிமீட்டர் நீளம், 75 மி.மீ. விட்டம், மூன்றரை கிலோ. சின்ன வயதில் அதை உருட்டி விளையாடியவள்தான். "இதுவும் ஷாப்டா தாத்தா?" என்றாள்.

அது 1986இல் உடைந்தது. ரோட்டர்வேன் என்ற மெஷினுடையது. தேயிலைத் தொழிற்சாலையை உள்ளே போய்ப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கொழுந்தை ட்ரஃப்பில் வாட வைத்த பிறகு சி.டி.சி. ரோலருக்கு அனுப்பும் முன்னால் ஒரு பெரிய உருளைக்குள் தள்ளி நசுக்குவார்கள். வீட்டில் இறைச்சி அரைக்கும் கைமெஷின் இருக்கிறதே, அதையே யானை அளவுக்குச் செய்தது போல. உள்ளே தகடுகள் வைத்த தண்டு மெதுவாகச் சுற்றும். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றும். கியர் பெட்டி வழியாக இறங்கி இந்தத் தண்டு வெறும் 36 சுற்றுதான் சுற்றும்.

மெதுவாகச் சுற்றுவதால் சாது என்று நினைத்துவிடக் கூடாது. 15 குதிரைத்திறன் மோட்டாரின் வேகமான தண்டில் இருக்கும் முறுக்கு சுமார் 74 நியூட்டன் மீட்டர். அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஏழரை கிலோ தொங்கவிட்டது போல. அதே திறன் 36 சுற்றுக்கு இறங்கும்போது நாற்பது மடங்கு ஆகிவிடுகிறது: 2,970 நியூட்டன் மீட்டர். அதே கம்பியின் நுனியில் முந்நூறு கிலோ! அதனால்தான் மோட்டார்ப் பக்கம் விரல் தடிமனில் இருக்கும் தண்டு, மெஷின் பக்கம் வரும்போது கைப்பிடிக்கு அடங்காத தடிமனாகிறது. லாரி முதல் கியரில் ஏறும்போது ஆக்சில் கட் ஆவதும் இதே கணக்குதான்.

அந்த வருடம் கொழுந்து வரத்து அதிகம். ரோட்டர்வேன் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று 15 குதிரைத்திறன் மோட்டாரைக் கழற்றிவிட்டு 20 போட்டார்கள். தண்டை மாற்றவில்லை. நான் அப்போது துணை போர்மேன், இரவு ஷிப்ட். என்னிடம் யாரும் கேட்கவில்லை. மாற்றின பிறகு மெஷின் அடைக்காமல் நன்றாகத்தான் ஓடியது. ஏழு மாதம் ஓடியது.

ஒரு பகல் ஷிப்டில் உள்ளே தண்டு நின்றுவிட்டது. வெளியே மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மெஷினில் கொழுந்து போட்டுக்கொண்டிருந்த பையனுக்கு அப்போது 22 வயது. வழக்கம்போல அடைத்துக்கொண்டது என்று நினைத்து, வாயிலிருந்து கொழுந்தைக் கையால் பிடுங்கியிருக்கிறான். தண்டு அடைத்து நிற்கவில்லை, உடைந்து நின்றிருந்தது. உடைந்த இரண்டு வாய்களும் கரடுமுரடு. ஒன்று நிற்க, ஒன்று அதன்மேல் உரசிச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கணம் இரண்டு கரடும் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டன. தண்டு அரைச் சுற்று சுற்றியது. அவ்வளவுதான். வலது கையில் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல்.

நிர்வாகம் ஒரு அறிக்கை தயாரித்தது. அளவுக்கு மீறிக் கொழுந்தைத் திணித்துத் தண்டை உடைத்தது தொழிலாளி. மோட்டாரை நிறுத்தாமல் கையை விட்டதும் தொழிலாளி. இரண்டாவது உண்மை. ஆனால் சுவிட்ச் ஹாலின் அந்தக் கடைசியில் இருந்தது என்பது அறிக்கையில் இல்லை. 1923ஆம் வருடத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தில், பாதுகாப்புக்காகச் சொன்ன உத்தரவைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறியிருந்தால் இப்படிப்பட்ட பகுதி ஊனத்துக்கு நஷ்ட ஈடு மறுக்கலாம் என்று ஒரு விதி அப்போது இருந்தது. அதை வைத்துப் பேசிப் பேசி, ஏதோ ஒரு தொகையில் முடித்தார்கள். பிறகு அவரைத் தோட்டத்தில் களை எடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

அந்த அறிக்கையோடு ஒரு தாளில் கணக்கும் இருந்தது. 20 குதிரைத்திறன், 36 சுற்று, 75 மி.மீ. தண்டு, பாதுகாப்பானது. சாட்சிக் கையெழுத்துக்காக என்னிடம் கொண்டுவந்தார்கள். "கீவே இருக்குங்க சார்" என்றேன். "கணக்கு தப்பா?" என்று கேட்டார் மேலே இருந்தவர். "கணக்கு தப்பில்லீங்க, ஆனா..." என்றேன். ஆனாவுக்குப் பிறகு கேட்க அவருக்கு நேரமில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை. வேறொருவர் போட்டார். உடைந்த தண்டைக் காயலான் கடைக்கு ஏற்றும் முன்னால் அதன் ஒரு வாயை மட்டும் ஹாக்ஸா போட்டு அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கதையைக் கேட்டுவிட்டு பேத்தி ஒன்றும் பேசவில்லை. மடிக்கணினியை மறுபடி திறந்தாள். முறுக்குவிசையை நான் கையால் போட்டுக் கொடுத்தேன். 20 குதிரைத்திறனுக்கு 3,960 நியூட்டன் மீட்டர். விட்டம் 75. நீளம் ஒன்றரை மீட்டர். தட்டினாள். தகைவு 47.8 மெகா பாஸ்கல் என்று வந்தது. சாதாரண எஃகுத் தண்டுக்கு முறுக்கில் 56 வரை போகலாம் என்று அவள் புத்தகத்தில் இருக்கிறது. பழைய ஆட்களுக்கு, சதுர சென்டிமீட்டருக்கு 560 கிலோ என்றால் புரியும்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவங்க சொன்னது சரியாத்தானே தாத்தா வருது?"

முப்பத்தாறு வருடம் கழித்து, என் வீட்டிலேயே, அதே கேள்வி. மென்பொருள் பொய் சொல்லவில்லை. அந்தத் தாளும் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே தண்டைப் பற்றித்தான் பேசின: நேரான, வழுவழுப்பான, முழு வட்டமான, எந்த வெட்டும் இல்லாத தண்டு. அப்படி ஒரு தண்டு எங்கள் தொழிற்சாலையில் இருந்ததில்லை. எங்கேயும் இருந்ததாக எனக்குத் தெரியாது. பல்சக்கரத்தைத் தண்டோடு பூட்ட ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி உட்கார நீளமாக ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். அதுதான் கீவே. எங்கே வெட்டுகிறோம்? தோலில். எங்கே பாரம் உச்சமோ, சற்று முன்னால் காலண்டர் தாளில் காட்டினேனே, அதே இடத்தில். போதாததற்குப் பள்ளத்தின் அடியில் இரண்டு கூர்மையான மூலைகள். ஓடும் ஆற்றில் பாறை நின்றால் அதன் ஓரத்தில் தண்ணீர் எப்படி நெருக்கிக்கொண்டு ஓடுமோ, அப்படித் தகைவும் அந்த மூலையில் நெருக்கிக்கொள்ளும்.

அவளிடம் பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக் இருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் படித்த மெக்கானிக்கல்காரர்கள் யாருக்கும் அந்தப் புத்தகத்தைச் சொன்னால் முகம் மலரும், பரீட்சைக்குக் கையோடு எடுத்துப் போகலாம் என்பதால். அதையும் அவளுடைய பாடப் புத்தகத்தையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கீவே உள்ள தண்டுக்கு எல்லை 56 இல்லை, 42 என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் பழைய விதி அது. கால் பங்கைக் கழித்துவிட வேண்டும். அவளே 15 குதிரைத்திறனைப் போட்டுப் பார்த்தாள். 35.9 வந்தது. 42க்குள். 20க்கு 47.8, 42க்கு மேல்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள், எவ்வளவு தடிமன் இருந்திருந்தால் போதும் என்று. விட்டத்தை ஒவ்வொரு மி.மீ. ஆக ஏற்றிக்கொண்டே போனாள். 79இல் 42க்குக் கீழே இறங்கியது. கடையில் கிடைக்கும் அளவில் சொன்னால் 80. ஐந்து மி.மீ. அதிகம். அந்த ஐந்து மி.மீ.க்கு தண்டின் வலு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. பேரிங்கும் பல்சக்கரத்தின் துளையும் மாற்ற வேண்டியிருந்திருக்கும். ஒரு வாரம் மெஷின் நின்றிருக்கும். கொழுந்து சீசனில் ஒரு வாரம் என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். அதற்காகவே அதைச் செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

42ஐத் தாண்டினால் அன்றே உடைந்துவிடும் என்று பொருள் இல்லை. அதையும் அவளுக்குச் சொன்னேன். எஃகு உடனே உடைவதற்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். பின் ஏன் உடைந்தது? இதற்கு மென்பொருளிலும் பதில் இல்லை, அந்தச் சூத்திரத்திலும் இல்லை. ஜன்னலோரத் துண்டில் இருக்கிறது.

அதைத் திருப்பி வைத்து டார்ச் அடித்தேன். உடைந்த முகத்தில் இரண்டு பகுதி இருக்கிறது. கீவேயின் உள்மூலையில் ஒரு புள்ளியிலிருந்து ஆரம்பித்து, விசிறி விரிந்தது போல வளைந்து வளைந்து வரிகள். ஆற்று மணலில் தண்ணீர் வற்றும்போது விட்டுப்போகும் கோடுகள் போல. அந்த இடம் உரசி உரசி மழமழவென்று இருக்கும். மீதி இடம் வெல்லக்கட்டியை உடைத்தது போலக் குருணை குருணையாக இருக்கும். மழமழப்பான பகுதி, விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த இடம். ஒவ்வொரு முறை கொழுந்து அடைத்து விடுபடும்போதும், ஒவ்வொரு முறை மோட்டார் போடும்போதும், முறுக்கு ஏறி இறங்கியிருக்கிறது. அதோடு தகடுகளின் பாரத்தில் வளைவும் சேர்ந்திருக்கிறது. குருணைப் பகுதி, கடைசியில் மிச்சமிருந்த இரும்பு தாங்காமல் ஒரே நொடியில் உடைந்த இடம். ஜெர்மனியில் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் 1850, 60களில் ரயில் அச்சுகளை வைத்துச் சோதித்து ஊருக்குச் சொன்ன விஷயம் இது. ஒரு தடவைக்குத் தாங்கும் பாரத்தை லட்சம் தடவைக்கு இரும்பு தாங்காது.

பேத்தி அந்த முகத்தின்மேல் கண்ணாடித் தாளை வைத்து, மழமழப்பையும் குருணையையும் பேனாவால் பிரித்து வரைந்து, கட்டம் எண்ணினாள். பாதிக்கு மேல் பழைய விரிசல். அன்று அந்தப் பையன் கொழுந்து போட்டபோது 75 மி.மீ. தண்டு என்று பெயருக்குத்தான் இருந்திருக்கிறது. அதில் பாதி எப்போதோ செத்துப்போயிருந்தது. ஒரு பிடி அதிகமாகத் திணித்து அதை யாரும் உடைக்க வேண்டிய அவசியமில்லை.

இதை நான் 1986இலும் கண்ணால் பார்த்தேன். சொல்லவும் செய்தேன். அன்று என்னிடம் இல்லாதது, இரண்டு தண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட ஒரு திரை. மற்றபடி புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை.

இந்த மாதிரி மென்பொருளை வைத்துச் சொல்லிக்கொடுப்பது நல்லதா என்று என் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். 'கால்குலேட்டர் வந்தே பையன்களுக்கு வாய்ப்பாடு மறந்துபோச்சு, இது வேறயா' என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு அரியர் போட்ட பிள்ளைக்கு ஒரு சாயங்காலத்தில் முறுக்கு என்றால் என்ன என்று அது காட்டிவிட்டது. ஸ்லைடு ரூலை வைத்துக்கொண்டு எனக்கு அது புரிய இரண்டு வருடம் ஆனது. எனக்கு இருக்கும் பயம் வேறு. திரையில் வரும் எண் தசம ஸ்தானம் வரை சுத்தமாக வருகிறது. ஹெட் ஃபிட்டர் சொல்லும் சொல் அப்படி வருவதில்லை. வெற்றிலை எச்சிலோடு, பாதி மலையாளத்தில் வரும். இரண்டும் ஒரே மேஜைக்கு வந்தால் எதை எழுதிக்கொள்வார்கள் என்று நமக்குத் தெரியும்.

அந்தப் பையனை நான் பையன் என்றே எழுதிக்கொண்டு வருகிறேன். இப்போது அவருக்கு அறுபதை நெருங்குகிறது. பந்தலூர்ப் பக்கம் முக்கால் ஏக்கரில் தேயிலையும் மிளகும் வைத்திருக்கிறார். ஒவ்வொரு கார்த்திகையிலும் ஒரு தடவை என்னைப் பார்க்க வருவார். அந்த வருடம் வந்தபோது பேத்தியும் விடுமுறையில் இருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளாகவே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதுல பதினஞ்சு ஹெச்.பி. போட்டா இவ்ளோ வருதுங்க. இருபது போட்டா இவ்ளோ."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "நானே போடலாமா கண்ணு?" என்றார். வலது கையின் ஆட்காட்டி விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தேடி அழுத்தினார். 2970 போட்டார். பார்த்தார். அழித்துவிட்டு 3960 போட்டார். பார்த்தார். மறுபடி 2970. என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தது ஆறிப்போயிற்று.

"பள்ளம் எங்க இருக்குது இதுல?"

"இதுல பள்ளம் போட முடியாதுங்க. வழுவழுன்னு இருக்கற ஷாப்ட்டுக்கு மட்டுந்தான். பள்ளத்துக்கு நாமதான் கழிச்சுக்கணும்."

"அப்படியா" என்றார். ஜன்னலோரம் போய் துண்டை எடுத்து, இடது கையில் வைத்துக்கொண்டு, கீவே மூலையில் கட்டைவிரலை வைத்துத் தடவிக்கொண்டே நின்றார். இத்தனை வருடம் வந்து போகிறார், ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை.

"அண்ணே, இதை நான் எடுத்துக்கிட்டுப் போகட்டுங்களா? பேரன் டிப்ளமோ சேரப்போறான்."

பேத்திக்கு அதைக் கல்லூரிக்குக் கொண்டுபோக ஆசை இருந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு, "போட்டோ எடுத்து வெச்சிருக்கேன் தாத்தா, போதும்" என்றாள். ஒரு அரிசிப் பையில் சுற்றிக் கொடுத்தோம். மூன்றரை கிலோ. கூடலூர் ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

அந்தப் பேப்பர் மூன்றாவது தடவையில் கிளியர் ஆயிற்று. முறுக்கிலிருந்து பதின்மூன்று மார்க் கேள்வி வந்ததாம், கீவே இல்லாத ஷாப்ட்.